பத்து நாள் நோட்டு சொன்ன பதில்!



நான் பத்தாவது வரை படித்தவள். வயது முப்பத்தாறு. என் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். வீட்டில் நான், மாமியார், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், மூவர்தான். எங்கள் தெருவில் செல்போன் சிக்னல் திண்ணைக்கு வந்தால்தான் கிடைக்கும். அதனால்தான் போன வருஷம் ஃபைபர் இன்டர்நெட் இணைப்பு எடுத்தோம்.

அவருக்கு அங்கே ராத்திரி பத்து மணி என்றால் நமக்கு ஏழரை. ஓவர்டைம் முடித்துக் குளித்துவிட்டு அந்த நேரத்துக்குத்தான் வீடியோவில் கூப்பிடுவார். மாமியாருக்குக் காது மந்தம். மகன் முகத்தைப் பார்த்தால்தான் அவருக்கு ராத்திரிக் கஞ்சி இறங்கும்.

மூன்று மாதத்துக்கு முன் வந்தது வினை. "அம்மா, சாப்பிட்டியா?" என்று அவர் கேட்பார், படம் அப்படியே நின்றுவிடும். திரும்பக் கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் மறுபடி அறுந்துவிடும். ஒரு நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பகலெல்லாம் நல்லா இருக்குங்கிற. நான் கூப்பிடுற நேரத்துக்கு மட்டும் எப்படி கட் ஆவுது? பேசப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு" என்றார். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அதுவும் கட்! அவர் பேச்சை நான் துண்டித்ததாகவே நினைத்துவிட்டார். இரண்டு நாள் போனே இல்லை. மாமியார் கஞ்சியைத் தொடவில்லை. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுததுதான் மிச்சம்.

கம்பெனிக்குப் புகார் சொன்னேன். லைன் பார்க்கும் தம்பி மூன்று தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும் பகல் பதினோரு மணிக்கு! "எல்லாம் சரியாத்தானே இருக்குக்கா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. வைஃபை உள் ரூமுக்கு எட்டலை போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பால் கணக்கு எழுதுகிற நோட்டில் மூன்று கோடு போட்டேன். எத்தனை மணிக்கு நின்றது, பெட்டியில் எந்த விளக்கு எப்படி எரிந்தது, அந்த நேரம் வீட்டில் என்ன நடந்தது. பத்து நாள் விடாமல் எழுதினேன். என் மகள்கூட, "என்னம்மா, இதுக்கும் கணக்கா?" என்று சிரித்தாள்.

அந்த நோட்டுதான் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது! பார்த்தால், ஒரு கோளாறு இல்லை, இரண்டு.

முதலாவது: சில நேரம் பெட்டியின் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்து, மறுபடி ஒவ்வொன்றாக எரிந்தது. எதிரே பார்த்தால், 'மோட்டார் போட்டது' என்று எழுதியிருக்கிறேன். பெட்டியின் அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தோம். அதில் பிளக் தொளதொள என்று ஆடும். மோட்டார் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்கும். பெட்டி அணைந்துவிடும். அடாப்டரைச் சுவரில் இறுக்கமான வேறொரு பிளக்கில் மாற்றினேன். மோட்டாரை ஐந்து மணிக்கே போட்டு முடித்துவிடுகிறேன். அத்துடன் அது நின்றது.

இரண்டாவது: மற்ற விளக்குகள் எரியும், ஆனால் 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய விளக்கு மட்டும் சிவப்பாகும். வெளியிலிருந்து வரும் ஒளி பெட்டிக்கு எட்டவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். ஃபைபர் ஒயரில் ஓடுவது மின்சாரம் இல்லை, ஒளி. உள்ளே ஒளி ஓடும் கண்ணாடி இழை மிக மெல்லியதாம். ஒயரைக் கூர்மையாக மடக்கினாலோ நசுக்கினாலோ ஒளி வழியிலேயே கசிந்து போய்விடும்.

வைஃபையில்தான் குறையோ என்று, பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப்பை ஒரு சாயந்திரம் வாங்கி, பெட்டியிலிருந்து நேராக ஒயர் போட்டுப் பார்த்தோம். அதிலும் நின்றது! ஆக, வைஃபை மேல் பழியில்லை.

சரி, சாயந்திரம் மட்டும் ஏன்? நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிவப்பே எரியவில்லை. அன்று புழுக்கம் தாங்காமல் கூடத்து ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம்! மற்ற நாட்களில் விளக்கு வைத்ததும் கொசுவுக்குப் பயந்து சாத்திவிடுவோம். ஓடிப் போய்ப் பார்த்தேன். அந்த ஜன்னல் வழியாகத்தான் ஒயர் உள்ளே வருகிறது. கதவைச் சாத்தும்போது சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே நசுங்குகிறது. காற்றில் கதவு ஆடும்போதெல்லாம் விளக்கு சிவப்பு! பகலில் ஜன்னல் திறந்திருக்கும். அதனால்தான் அந்தத் தம்பி கண்ணில் படவில்லை.

நோட்டோடு புகார் சொன்னேன். தம்பி வந்தான். அவன் கண்ணெதிரே ஜன்னலைச் சாத்திக் காட்டினேன். "அட, ஆமாக்கா!" என்றான். நசுங்கின பகுதியை வெட்டி ஒட்டி, சுவரில் தனித் துளை போட்டு, மீதி ஒயரைப் பெரிய வட்டமாகச் சுற்றி மாட்டிவிட்டுப் போனான். ஒன்றரை மாதமாக ஒரு தடையும் இல்லை.

தோழிகளே, உங்களுக்கும் இந்தத் தொல்லை இருந்தால், முதலில் விளக்குகளைப் பாருங்கள். எல்லாம் அணைந்தால் கரண்ட் பக்கம் பாருங்கள். எல்.ஓ.எஸ். சிவப்பானால் ஒயர் பக்கம் பாருங்கள். அதன் மேல் துணி காயப் போடாதீர்கள், ஆணியில் இறுக்கிக் கட்டாதீர்கள். ஆனால் ஒயரின் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும். குழந்தைகளையும் நெருங்க விடாதீர்கள். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தும் நெட் வரவில்லை என்றால் கோளாறு கம்பெனி பக்கமும் இருக்கலாம்.

புகார் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். தீர்க்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செலவில்லாமல் முறையிட, 2012-ம் ஆண்டின் டிராய் விதிமுறையில் இடமிருக்கிறது.

ஜன்னல் கதையைக் கேட்டு என் கணவர் சிரித்துவிட்டு, "நான்தான் அவசரப்பட்டுட்டேன், மனசுல வச்சுக்காதே" என்றார். என் மாமியாரோ, "கட் பண்ணினது என் மருமக இல்லடா, கொசு!" என்றாரே பார்க்கலாம்!

கோபப்படுவதற்கு முன்னால் ஒரு நோட்டைப் போட்டுப் பாருங்கள், சகோதரிகளே. ஒயரில் இருக்கும் கோளாறை மனசில் இருப்பதாக நினைத்து எத்தனை வீட்டில் சண்டையோ!

– ஒரு வாசகி, மன்னார்குடி.