தீவுக்கு வழி அறந்தாங்கி

புதுக்கோட்டையிலிருந்து ராமேஸ்வரம் தீவுக்குச் சாலை வழியே போக வேண்டுமென்றால், செல்போன் உடனே ஒரு வழியைக் காட்டிவிடும். திருமயம், காரைக்குடி, தேவகோட்டை, தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம், பாலம். ஏறக்குறைய 170 கிலோமீட்டர். நல்ல சாலை. அவசரக் காரியமாகப் போகிறவர்கள் அதிலேயே போகலாம். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

ஒரு நாளை ஒதுக்கிப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. திருமயம் பக்கம் திரும்பாதீர்கள். கிழக்கே அறந்தாங்கிக்குப் போங்கள். அங்கிருந்து ஆவுடையார்கோவில், மீமிசல். மீமிசலில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே தொண்டி, உப்பூர், தேவிபட்டினம், ராமநாதபுரம். கொஞ்சம் சுற்றுதான். ஆனால் சேதுவுக்கு நடந்துபோன யாத்ரீகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கால் பதித்த தடம் இந்தக் கரையோரம்தான். நம் மாவட்டத்தின் கடற்கரை அந்தத் தடத்தின் ஒரு துண்டு என்பது புதுக்கோட்டைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. புதுக்கோட்டை என்றதும் நினைவுக்கு வருவது தொண்டைமான் சமஸ்தானம், சித்தன்னவாசல், குடுமியான்மலை. எல்லாம் உள்நாடு. அறந்தாங்கியும் மணமேல்குடியும் மீமிசலும் சமஸ்தானத்தில் இல்லை; அவை தஞ்சாவூர்ச் சீமை. 1974 ஜனவரியில் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டத்தை அமைத்தபோதுதான் கடல் நமக்கு வந்தது. கடலோடு சேர்ந்து அந்தப் பழைய சாலையும் வந்தது. அதன் கதையை மட்டும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். பூவரசகுடி, வல்லத்திராகோட்டை, அழியாநிலை என்று போகும் அறந்தாங்கிச் சாலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அறந்தாங்கியில் நாலு சாலை கூடும் இடத்தையும் மூன்று சாலை கூடும் இடத்தையும் 'முக்கம்' என்றே சொல்வார்கள். வழி கேட்டால், "கட்டுமாவடி முக்கத்துக்குப் போயிடாதீங்கண்ணே, அது வேற பக்கம். ஆவுடையார்கோவில் ரோடுன்னு கேட்டுப் போங்க" என்று டீக்கடைக்காரர் கையை நீட்டிக் காட்டுவார். காலைச் சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பெட்ரோலும் இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆவுடையார்கோவில் பதினான்கு கிலோமீட்டர். ராமேஸ்வரத்துக்குப் போகிற அவசரத்தில் இந்தக் கோயிலைத் தாண்டிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டும்தான். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. வடித்த சோற்றைச் சூட்டோடு கொட்டி, அந்த ஆவியைத்தான் ஆத்மநாதருக்கு நிவேதனம் செய்கிறார்கள். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் செலவிட்ட திருப்பெருந்துறை இதுதான் என்கிறது மரபு. அண்ணாந்து கொடுங்கையைப் பாருங்கள். மரச் சட்டமும் அதில் அறைந்த ஆணியும் போலவே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம்.

இங்கிருந்து மீமிசல் வரை நிலம் மெல்ல மாறும். வயல் குறைந்து பனையும் சீமைக் கருவேலமும் கூடும். காற்றில் உப்பு ஏறும். நேரம் இருந்தால் மீமிசலுக்கு மேற்கே கொஞ்சம் உள்ளே தள்ளி, பாம்பாற்றுக் கரையில் திருப்புனவாசல் இருக்கிறது. பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று. லிங்கத்துக்கு மூன்று முழத் துணி போதும், ஆவுடையைச் சுற்ற முப்பது முழம் வேண்டும். 'மூன்று முழமும் ஒரு சுற்று, முப்பது முழமும் ஒரு சுற்று' என்ற சொலவடை இந்தச் சன்னிதியை வைத்துப் பிறந்தது.

மீமிசலில் வண்டியை நிறுத்திச் சற்று நேரம் இருங்கள். பார்க்கப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பேருந்து நிற்கும் கடைத்தெரு, மீன் வண்டிகள், வளைகுடாவில் சம்பாதித்துக் கட்டிய வீடுகள். ஆனால் தஞ்சை மராட்டிய அரசர்கள் சேது யாத்ரீகர்களுக்காகக் கட்டிய சத்திரங்களின் வரிசையில் இந்த ஊருக்கு இடம் உண்டு. வடக்கே சேதுபாவாசத்திரத்திலிருந்து தெற்கே வருகிறவர்களுக்கு மணமேல்குடியில் ஒரு சத்திரம், அடுத்து மீமிசலில் ஒன்று. மணமேல்குடியில் இருந்தது திரௌபதாம்பாள்புரம் சத்திரம், மீமிசலில் இருந்தது ராஜகுமாராம்பாள்புரம் சத்திரம். அரச குடும்பத்துப் பெண்களின் பெயரால் அமைந்தவை. நடந்து வருகிறவர் இருட்டுவதற்குள் அடுத்த சத்திரத்தைச் சேர வேண்டும் என்ற கணக்கில் போட்ட சாலை இது.

அந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. 1801-ல் இரண்டாம் சரபோஜி, தஞ்சையில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசுரிமை அநேகமாகக் கைவிட்டுப் போன காலம். சத்திரங்களும் அவற்றின் வருமானமும் போய்விடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. ராமேஸ்வரம் போகும் சாலைச் சத்திரங்களில் வருகிறவர்கள் எல்லாருக்கும் உணவு உண்டு, நடக்க முடியாதபடி நோயில் விழுந்தவர்களுக்கு வைத்தியர் உண்டு, பாம்புக் கடிக்கு மருந்து உண்டு, குழந்தைகளுக்குப் பால் உண்டு, வழியில் பிரசவம் ஆனால் அந்தப் பெண்ணைக் கவனிக்க ஆள் உண்டு, தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைப்பதும் உண்டு என்று அதில் விளக்கினார். பந்தியில் சாதி பார்த்த காலம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் யாரையும் பசியோடு அனுப்புவதில்லை என்பதை ஓர் அரசர் தன் முதல் கௌரவமாகக் கருதி வாதாடினார்.

இன்று அதே சாலையில் ஒரு குடும்பம் காரில் போகிறது. வீட்டுப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டுமென்றால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை பொறுக்க வேண்டும். குடிநீர் என்றால் காசு கொடுத்து பாட்டில். பாதயாத்திரை போகிறவர்களுக்கு நிழல்கூடக் கிடைப்பதில்லை. சத்திரம் இருந்த ஊர்கள் எவை என்று நமக்குத் தெரியும். அந்த ஊர்களிலாவது சுத்தமான கழிப்பறையும் குடிநீரும் திண்ணையும் கொண்ட ஓர் ஓய்விடமும், இது சேதுச் சாலை என்று சொல்லும் ஒரு பலகையும் வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த காரியத்தைத்தான் கேட்கிறேன்.

மீமிசலுக்கு வடக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைமுகங்கள். இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற விசைப்படகுகள் என்று செய்தியில் அடிக்கடி அடிபடும் பெயர்கள். படகுகள் கரையேறும் நாளில் போனால் பாக் நீரிணையின் மீன் வகை முழுவதையும் கூடைகளில் பார்க்கலாம். தெற்கே முத்துக்குடாவில் அலையாத்திக் காடு இருக்கிறது.

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கே கடலைத் தேடுவார்கள். கண்ணுக்குப் படாது. பனங்காட்டுக்கும் உப்பளத்துக்கும் இறால் பண்ணைக்கும் பின்னால் அலையில்லாமல் கிடக்கும். எஸ்.பி.பட்டினம் வந்தால் ராமநாதபுரம் மாவட்டம். தொண்டியைத் தாண்டி உப்பூரில் பிள்ளையாரைக் கும்பிட்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைச் சுற்றி வந்து, பிறகு ராமேஸ்வரம் போவதுதான் சேது யாத்திரையின் முறை. காரைக்குடி வழியில் வந்தால் தேவிபட்டினம் கிடைக்கும், உப்பூர் கிடைக்காது.

ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம். அதற்கப்பால் கடல். 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்த சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதற்கு முன்பு தீவுக்குச் சாலையே கிடையாது. காரில் வந்தவர்கள் மண்டபத்தில் காரை விட்டுவிட்டு, 1914-ல் கட்டிய பாலத்தில் ரயிலில் போனார்கள். இப்போது பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே நெட்டுக்குத்தாக மேலே எழும்புகிறது. சாலைப் பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களால் விபத்துகள் நடக்கின்றன. தயவுசெய்து நிறுத்தாதீர்கள், தீவுக்குள் போய்ப் பாம்பன் ஊரிலிருந்து நிதானமாகப் பாருங்கள்.

தனுஷ்கோடிக்கும் இப்போது தார்ச்சாலை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரையும் பயணிகளோடு வந்த ரயிலையும் கொண்டுபோன பிறகு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மணலிலும் தண்ணீரிலும் வேன்கள் தட்டுத் தடுமாறிப் போன வழி. அயர்லாந்தின் கால்வே கடற்கரையில் ஓமி என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் மட்டும் மணலில் நட்ட அடையாளக் கம்பங்களைப் பார்த்துக் கார் ஓட்டிப் போகலாம். ஓதம் ஏறிவிட்டால் அடுத்த வற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே வழி சொல்கிறவர்கள் முதலில் ஓதத்தின் நேரத்தைச் சொல்வார்கள். தனுஷ்கோடி வேன் ஓட்டுநர்களும் அப்படிக் கடலின் மனம் அறிந்து வண்டி ஓட்டியவர்கள்தான். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததும் அந்த வேலை முடிந்துபோனது.

அரிச்சல்முனைக்குப் பிற்பகலிலேயே போய்விடுங்கள். இருட்டுவதற்குள் வாகனங்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அங்கே கடலில் இறங்க வேண்டாம், நீரோட்டம் பொல்லாதது. காசிக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் சேதுவில் மணல் எடுத்துக்கொள்வது வழக்கம்.

பேருந்தில் போகிறவர்கள் புதுக்கோட்டையில் ஏறி அறந்தாங்கியில் மாறுங்கள். அங்கிருந்து மீமிசல், தொண்டி என்று விசாரித்து ஏறி, ராமநாதபுரத்தில் கடைசியாக ஒரு முறை மாற வேண்டும். சில்லறையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். ஊர் திரும்பும்போது காரைக்குடி வழியிலேயே வாருங்கள். இரவுக்கு அதுதான் தோது. காலையில் ராமேஸ்வரத்தை விட்டவர்களாக இருந்தால் திருமயத்தில் இறங்கிக் கோட்டையில் ஏறிப் பாருங்கள். சேதுவைக் காப்பதையே பட்டப்பெயராகக் கொண்ட சேதுபதிகளில் ஒருவரான கிழவன் சேதுபதி 1687-ல் கட்டியது அது. அங்கிருந்து புதுக்கோட்டை இருபது கிலோமீட்டர்தான்.