துக்கத்தில் வந்த திருநாள்

1963-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி. வெள்ளிக்கிழமை பிற்பகல்.

தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டின் ரேடியோக்கள் ஒரு பயங்கரச் செய்தியை அறிவித்தன. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி டல்லாஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்!

அந்த நாட்டு மலைக் கிராமங்களில் அப்போது அமெரிக்க வாலிபர்களும் இளம் பெண்களும் தொண்டு செய்து கொண்டு இருந்தார்கள். கென்னடி அமைத்த "சமாதானப் படை"யின் தொண்டர்கள் அவர்கள். "கென்னடியின் பிள்ளைகள்" என்றே ஊர் மக்கள் அவர்களை அழைப்பது உண்டு.

பிள்ளைகள் தகப்பனை இழந்தால் ஊர் என்ன செய்யும்? துக்கம் விசாரிக்க வரும். அப்படியே வந்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை நவம்பர் 28. அன்று அமெரிக்கர்களின் பெரிய பண்டிகை! "நன்றி கூறும் நாள்" என்று அதற்குப் பெயர். 28-ந் தேதி கொண்டாடும்படி நவம்பர் முதல் வாரத்தில் அறிக்கை விட்டதே கென்னடிதான். அவரை அடக்கம் செய்து மூன்றே நாள் ஆகி இருந்தது.

துப்பாக்கி இல்லாத படை

சமாதானப் படை 1961 மார்ச் 1-ந் தேதி தோன்றியது. பெயர்தான் படை. துப்பாக்கி கிடையாது, மண்வெட்டி உண்டு. பெரும்பாலோர் அப்போதுதான் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள். இரண்டு ஆண்டு வேலை. சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் பணம். அது தவிர மாதம் 75 டாலர் அவர்கள் பெயரில் சேரும். ஊர் திரும்பும்போதுதான் அது கைக்கு வரும்.

கொலம்பியாவுக்கு முதலில் போனவர்கள் 62 பேர். அத்தனை பேரும் ஆண்கள். பள்ளிக்கூடம் கட்டுவது, பாதை போடுவது, குடிதண்ணீர்க் குழாய் பதிப்பது... எல்லாம் ஊர் மக்களோடு சேர்ந்துதான். "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் கட்டித் தருகிறோம்" என்ற பேச்சே இல்லை. அது நல்ல ஏற்பாடு. ஊரார் கை படாத பள்ளிக்கூடம், ஓடு உடைந்தால் அப்படியே கிடக்கும்.

வேலையில் ஆபத்தும் இருந்தது. 1962 ஏப்ரலில் ஒரு விமானம் கொலம்பியாவில் மலைக்காட்டில் விழுந்தது. டேவிட் குரோசியர், லாரன்ஸ் ராட்லி என்ற இரு தொண்டர்கள் இறந்தார்கள். வேலையில் இருந்தபோது உயிர் இழந்த முதல் தொண்டர்கள் அவர்களே.

வான்கோழிக்கு எங்கே போவது?

நன்றி கூறும் நாள் என்றால் அமெரிக்க வீடுகளில் வான்கோழி வறுவல், பூசணிப் பணியாரம், உருளைக்கிழங்கு மசியல், எல்லாம் மேசையில் இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் அன்று வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

மலைக் கிராமத்தில்? வியாழக்கிழமை அங்கே வேலை நாள். விறகு அடுப்புத்தான் உண்டு. வான்கோழி கிடைக்காத ஊரில் கோழி. கோழி, மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். "சங்கோச்சோ" என்பது அதன் பெயர். கொலம்பியாவில் விருந்தாளி வந்தால் இதுதான் சமையல்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்கர் தங்கள் பண்டிகைக்கு வைக்கும் உருளைக்கிழங்கின் பிறந்த வீடே அந்த ஆண்டிஸ் மலைதான்!

பண்டிகையின் கதையும் அப்படித்தான். 1620-ல் "மேபிளவர்" கப்பலில் அமெரிக்கா வந்து இறங்கிய ஆங்கிலேயர் சுமார் 100 பேர். முதல் குளிர் காலத்திலேயே பாதிப் பேர் செத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு அந்த மண்ணின் பழங்குடியினர் மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக் கொடுத்தார்கள். மறு ஆண்டு அறுவடை கிடைத்தது. சுமார் 90 பழங்குடியினர் ஐந்து மான்களைக் கொண்டுவந்து கொடுத்து, மூன்று நாள் கூட இருந்து உண்டார்கள். பின்னால் அந்தப் பழங்குடிகளே நிலத்தை இழந்தது வேறு சோகக் கதை. ஆனால், தொடக்கத்தில் விருந்தாளியாக நின்றவன் வெள்ளைக்காரன்தான்.

342 ஆண்டுகளுக்குப் பிறகு, கொலம்பியாவில் மீண்டும் அவன் விருந்தாளி!

ஒன்பது நாள் ஜெபம்

கொலம்பியா கிராமங்களில் யாராவது இறந்தால் ஒன்பது இரவு ஜெபம் செய்வார்கள். அக்கம் பக்கத்தார் கூடுவார்கள். காப்பி கொடுப்பார்கள். கென்னடிக்கு அப்படிக் கணக்குப் பார்த்தால், 28-ந் தேதி அந்த ஒன்பது நாட்களுக்குள்ளேயே வந்தது. பல வீடுகளில் மாதா படத்தின் பக்கத்தில் கென்னடி படமும் மாட்டி இருந்தார்கள். அவர் கத்தோலிக்கர். 1961 டிசம்பரில் மனைவியோடு கொலம்பியா வந்து போனவர்.

அன்று இரவு புதிய ஜனாதிபதி ஜான்சன் அமெரிக்க மக்களுக்கு ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பேசினார். பண்டிகைச் செய்தியோடு கென்னடியின் நினைவையும் சேர்த்தே பேசினார்.

கென்னடி 1961-ல் போகோடா நகரின் ஓரத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டும் வேலையைத் தொடங்கி வைத்து இருந்தார். அவர் இறந்த பிறகு அந்தக் குடியிருப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்று அது லட்சக்கணக்கான மக்கள் வாழும் பெரிய பகுதி. சமாதானப் படை 1981-ல் கொலம்பியாவை விட்டு வெளியேறியது. 2010-ல் திரும்பி வந்தது.