வல்லூறு ஏன் திரும்பி வருகிறது?

சித்தாண்டியில் வேளாண்மை வெட்டும் காலத்தில் வயலுக்கு மேலே பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? வெட்டும் இயந்திரம் ஓட ஓட எலியும் தவளையும் வெட்டுக்கிளியும் கலைந்தோடும். செம்பருந்துகள் வந்து வட்டமிடும். அவற்றை யாரும் கூப்பிடவில்லை. இயந்திரம் ஓடும் இடத்தில் இரை கிளம்பும் என்று அவையே படித்துக்கொண்டன. வேட்டைப் பறவைகளைப் பழக்கும் கலை முழுவதும் இந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது.

இந்தக் கலையை இன்றும் பெரிதாகப் போற்றுகிறவர்கள் அரபு நாட்டார். கட்டாரிலோ துபாயிலோ வேலை செய்த மாமா யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். தடித்த உறை போட்ட கையில் வல்லூற்றை ஏந்தி நிற்கும் மனிதர்களை அவர் கண்டிருக்கக் கூடும். அபுதாபியில் 1999ஆம் ஆண்டு முதல் வல்லூறுகளுக்கென்றே ஒரு வைத்தியசாலை இயங்குகிறது. இந்தியாவிலும் இது பழைய கலைதான். குமாவூன் மன்னர் ருத்ரதேவர் இதைப்பற்றிச் சமஸ்கிருதத்தில் ஒரு நூலே எழுதினார். அங்கே புதிதாகப் பழகியவர்கள் பெரும்பாலும் வைரியில்தான் தொடங்கினார்கள். நம் ஊர்த் தோட்டங்களில் ஓணானையும் சிறு குருவியையும் பிடித்துத் தின்னும் அதே சிறிய வைரிதான்.

சரி, எப்படிப் பழக்குகிறார்கள்? அடித்தா, அதட்டியா? இரண்டும் உதவாது. நாய் கூட்டமாக வாழ்ந்த விலங்கின் வழி வந்தது. மற்றவரோடு இணங்கி நடக்கும் பழக்கம் அதற்கு உண்டு. வல்லூறோ தனியே வேட்டையாடுவது. அதற்குத் தலைவன் என்று யாரும் இல்லை. ஒரு முறை துன்புறுத்தினால், அடுத்த முறை பறக்கவிட்டதும் போனது போனதுதான்.

அதனால் முதல் வேலை பயத்தைப் போக்குவது. வல்லூறு உலகத்தை அறிவது பெரும்பாலும் கண்ணால். தோலால் தைத்த சிறு தொப்பியால் கண்ணை மறைத்துவிட்டால், மிரள்வதற்கு எதுவும் தெரியாமல் அமைதியாக உட்கார்ந்திருக்கும். மெல்ல மெல்லத் தொப்பியைக் கழற்றி, உறை போட்ட கையிலேயே இறைச்சித் துண்டைக் கொடுப்பார்கள். முதலில் கையில் இருந்தபடி தின்னும். பிறகு இறைச்சிக்காக ஓரடி தாவும். பிறகு மெல்லிய நீளக் கயிறு கட்டி, தூரத்திலிருந்து கைக்குப் பறந்து வரச் செய்வார்கள். ஒரு நாள் கயிறும் இல்லை. அன்றைக்குப் பழக்கியவரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று நினைத்துப் பாருங்கள்!

இந்த வேலையில் பெரிய கருவி தராசு. ஒவ்வொரு நாளும் பறவையை நிறுப்பார்கள். வயிறு நிறைந்த வல்லூறு மரத்தில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருக்கும், கூப்பிட்டாலும் திரும்பாது. அதிகம் மெலிந்தால் பறக்கவே பலம் இராது. இரண்டுக்கும் நடுவே, பசியும் பலமும் சேர்ந்திருக்கும் ஓர் எடை ஒவ்வொரு பறவைக்கும் உண்டு. பறவையின் மொத்த எடையே ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடக் குறையத்தான். அதனால் சில பத்துக் கிராம் மாறினாலும் அதன் போக்கு மாறிவிடும். அந்தச் சரியான எடையைக் கண்டுபிடிப்பது பொறுமையான விஞ்ஞானம்.

வேட்டையில் இரையைப் பிடித்ததும் வல்லூறு அதைத் தூக்கிவந்து கொடுக்காது. பழக்கியவர்தான் ஓடிப்போய், மெதுவாக அருகில் உட்கார்ந்து, கையில் வேறு இறைச்சி காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். பறித்தால் நம்பிக்கை போய்விடும். ஒவ்வொரு முறையும் பறவை விடுதலையாகத்தான் பறக்கிறது, தானாகத்தான் திரும்புகிறது. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்தது இதுதான்.

பழக்கிய பறவைகளால் நமக்குக் கிடைத்த அறிவும் பெரிது. அமெரிக்காவில் கென் பிராங்ளின் என்பவர் தாம் வளர்த்த, பொரி வல்லூறு என்னும் இனப் பறவையோடு விமானத்திலிருந்து குதித்து அதன் வேகத்தை அளந்தார். தலைகீழாகப் பாயும்போது மணிக்கு ஏறத்தாழ 390 கிலோமீற்றர்! விலங்குலகில் இதைவிட வேகமான பாய்ச்சல் பதிவாகவில்லை.

இத்தனை வல்லமை உள்ள பறவையை வீழ்த்தியது ஒரு பூச்சிமருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிரி என்ற மருந்தை உலகமெங்கும் தெளித்தார்கள். நஞ்சு பூச்சியில் சேர்ந்தது. பூச்சியைத் தின்ற குருவியில் கூடிற்று. குருவிகளைத் தின்ற வல்லூற்றில் இன்னும் பெருகிற்று. அதன் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே நொறுங்கியது. 1960களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் பொரி வல்லூறு ஒன்றுகூட இல்லாமற் போயிற்று.

அப்போது கைகொடுத்தவர்கள் வல்லூறு பழக்கியவர்கள்தான். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானியாக இருந்த டொம் கேட் தாமே வல்லூறு வளர்த்தவர். 1970இல் அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். கூண்டில் குஞ்சு பொரிக்கவைத்து, உயரமான பாறைகளிலும் கோபுரங்களிலும் பெட்டிகளில் விட்டு, ஆள் தெரியாமல் உணவு போட்டார்கள். பறக்கத் தொடங்கிய குஞ்சுகள், தாமாக வேட்டையாடப் பழகும்வரை பெட்டிக்குத் திரும்பி வந்து தின்றன. இது பழைய வேட்டைக்காரர்களின் முறையேதான்! அமெரிக்காவில் 1972இல் டிடிரி தடை செய்யப்பட்டது. விடப்பட்ட பறவைகள் 4,000க்கு மேல். 1999இல் பொரி வல்லூறு அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து நீங்கியது. வயலுக்கு மருந்தடிக்கும் ஊரில் வாழும் நாம் இந்தக் கதையை நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

பொரி வல்லூறு நமக்கும் அயலார்தான். சிகிரியா போன்ற பாறைகளில் ஆண்டு முழுவதும் வாழும் ஒரு வகை உண்டு. இன்னொரு வகை வடக்கேயுள்ள குளிர் நாடுகளிலிருந்து மாரி தொடங்கும்போது நம் கரையோரங்களுக்கு வந்து, பங்குனி, சித்திரை அளவில் திரும்பும். கூட்டிலிருந்து குஞ்செடுத்து வளர்க்க ஆசைப்படாதீர்கள். இலங்கைச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. பார்க்க ஆசையிருந்தால் மார்கழி, தை மாதங்களில் பெரியவர் ஒருவரோடு வாவிக் கரைக்குப் போங்கள். சேற்றில் மேயும் உள்ளான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தால், அவற்றைப் பார்க்காமல் அவற்றுக்கு மேலே தேடுங்கள். கூரிய சிறகும், கண்ணுக்குக் கீழே மீசைபோல இறங்கும் கருந்தடமும் தெரிந்தால் அது பொரி வல்லூறு.