கல்லாவிலிருந்து கல்லூரிக்கு

நம் இராமேஸ்வரம் மண்ணில் 1931-இல் பிறந்து, குடியரசுத் தலைவராக உயர்ந்தவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அவருடைய புகழை நாம் எல்லோரும் பேசுகிறோம். அந்தப் புகழின் தொடக்கத்தில் ஒரு பலசரக்குக் கடையும் இருந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1939-இல் உலகப் போர் மூண்டபோது புளியங்கொட்டைக்குத் திடீர்க் கிராக்கி ஏற்பட்டது. சிறுவன் கலாம் கொட்டைகளைப் பொறுக்கி, பள்ளிவாசல் தெருவில் இருந்த ஒரு மளிகைக் கடையில் போடுவார். ஒரு நாள் சேகரிப்புக்கு ஓரணா கிடைக்கும். செய்தித்தாள் முகவராக இருந்த உறவினர் சம்சுதீனும் அவருக்கு வேலை கொடுத்தார். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் ஐயாதுரை சாலமன் என்ற ஆசிரியர், ஏழை வீட்டுப் பிள்ளையும் எண்ணியதை எட்டலாம் என்ற துணிவை ஊட்டினார். 1950-இல் கலாம் திருச்சி புனித ஜோசப் கல்லூரிக்குப் போனார்.

அதன் பிறகுதான் பெரிய சோதனை வந்தது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் சேருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். அன்றைக்கு அது அந்தக் குடும்பத்தால் புரட்ட முடியாத தொகை. அக்கா சோகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். திறமை இருந்தது, இடமும் இருந்தது. இல்லாதது அந்த நேரத்து ரொக்கம் ஒன்றுதான். அந்த நகை இல்லாதிருந்தால்?

இதே சோதனை இன்றும் நம் கரையோரக் குடும்பங்களுக்கு வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பிளஸ் டூ தேர்வு முடிவும் கல்லூரி விண்ணப்பமும் வருவது அந்த மாதங்களில்தான். வருமானம் நின்று, நம் கடைப் பற்று ஏறிக்கொண்டிருக்கும் வேளையில், தந்தை எங்கே போய்க் கட்டணம் புரட்டுவார்?

அரசு சும்மா இருக்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. ஆனால் இந்தப் பணம் சேர்ந்த பிறகு வருவது. சேருவதற்கு முன் வேண்டிய தொகைக்கும், விடுதி முன்பணத்துக்கும், முதல் மாதப் பஸ் கட்டணத்துக்கும் யாராவது கை கொடுக்க வேண்டும்.

இது வணிகர்களுக்குப் புதிய வழக்கமல்ல. விருதுநகர் வியாபாரிகள் விற்ற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். அந்த மகமைப் பணம் 1889-இல் சத்திரிய வித்தியாசாலையை உருவாக்கியது. பெருந்தலைவர் காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். தனி ஒருவர் கொடுத்த பெரும் நன்கொடையால் அல்ல, பலர் கொடுத்த சில்லறைக் காசால் எழுந்த கல்விக்கூடம் அது.

நாம் செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று: ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஒரு சிறு சேர்க்கை நிதி ஒதுக்கலாம். வட்டியில்லாக் கைமாற்றாக, மாணவர் பெயரில் நேராகக் கல்லூரிக்கே கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம். தடைக்காலம் முடிந்து படகு ஓடியதும் சிறுகச் சிறுகத் திரும்பி வரும்.

இரண்டு: வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்பே எடுத்துவைக்கச் சொல்லலாம். கடைக்கு வரும் தாய்மாரிடம் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

மூன்று: இதுதான் நமக்குச் சற்றுக் கடினம். கடையில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தால் அவனை விட மனம் வராது. தீபாவளி நெருக்கடியில், "ஒரு வாரம் காலேஜுக்கு லீவு போடு தம்பி" என்று சொல்லத் தோன்றும். ஒரு வாரம் பத்து நாளாகும். வருகைப் பதிவு குறையும். பையன் தேர்வெழுத முடியாமல் போவான். கல்லூரியில் சேர்ப்பதோடு நம் கடமை முடிவதில்லை, பட்டம் வாங்கும் வரை இருக்கிறது. மாலை நேர வேலை கொடுப்போம். வகுப்பு நேரத்தைக் கேட்க வேண்டாம்.

இராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. இராமேஸ்வரத்திலேயே கலாம் பெயரில் அரசுக் கல்லூரி வந்துவிட்டது. கல்லூரி பக்கத்தில் வந்துவிட்டது. அதன் வாசல்வரை ஒரு பிள்ளையைக் கொண்டுவிடும் செலவு பல நேரம் ஒரு மூட்டை அரிசி விலைதான்.

அடுத்த பொதுக்குழுவில் இதை முதல் பொருளாக வைப்போம்.