தளவாடப் பதிவேடும் மூன்று வர்ணங்களும்

சங்கத்தின் சொத்து அங்கத்தினர்களின் சொத்து. தராசு, தெளிப்பான், பாவு ஓட்டும் யந்திரம், அலுவலகக் கணிப்பொறி ஆகிய யாவும் அவர்களுடைய பங்குப் பணத்தால் வந்தவை. அவற்றுள் எது மூப்படைந்து வருகிறது என்பதை முன்கூட்டி அறிதல் நிர்வாகக் குழுவின் கடமை. அதைக் கேட்டறிதல் அங்கத்தினரின் உரிமை.

நமது தருமபுரி மாவட்டத்தில் வேலைகள் பருவத்தோடு பிணைந்தவை. பட்டுக்கூடு உரிய நாளில் விலையாகாவிடில், உள்ளிருக்கும் புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளிவரும். பாலக்கோட்டுத் தக்காளியோ பறித்தபின் காத்திராது. அன்று தராசு பழுதென்றால் நஷ்டம் யாருக்கு? பண்டிகைக்கு முந்தைய மாதத்தில் ஜக்கார்டு பெட்டி நின்றுபோனால் நெசவாளியின் கூலியும் நின்றுபோகும்.

63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு இந்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. கணிப்பொறி உள்ள சங்கங்கள் தளவாடப் பதிவேட்டையும் அதில் எழுதி வைப்பது நலம். எக்ஸெல் முதலிய அட்டவணைச் செயலிகளில் 'கண்டிஷனல் பார்மாட்டிங்' என்றொரு வசதி உண்டு. நாம் ஒரு நிபந்தனையை எழுதிவிட்டால், அது நிறைவேறும் வரியில் நிறம் தானே ஏறும். எக்ஸெல் 97-இல் மூன்று நிபந்தனைகளுக்கு மட்டுமே இடமிருந்தது. 2007 பதிப்பு முதல் அந்த வரம்பு இல்லை.

முதலில் பொருளின் பெயர், வாங்கிய தேதி, ஆயுள் ஆண்டுகள் என மூன்று பத்திகள் அமைக்க வேண்டும். வாங்கிய தேதியோடு ஆயுளை மாதங்களாக்கிக் கூட்ட 'ஈடேட்' என்னும் சூத்திரம் உதவும். இன்றைய தேதியை 'டுடே' தரும். இன்றைய தேதி முடிவுத் தேதியை எட்டினால் சிவப்பு. எட்ட ஆறு மாதம் இருக்கையிலேயே மஞ்சள். 2021 ஜூனில் வாங்கிய கணிப்பொறிக்கு 3 ஆண்டு என்று குறித்திருந்தால், அவ்வரி 2023 டிசம்பரில் மஞ்சளாகி, 2024 ஜூனில் சிவந்திருக்கும். வரி முழுதும் நிறம் பெறுவதற்குச் சூத்திரத்தில் பத்தியின் எழுத்துக்கு முன்னே டாலர் குறி இடவேண்டும். வரி எண்ணுக்கு முன்னே இடலாகாது.

மூன்றாம் வர்ணம் சாம்பல். இதுவே மிக முக்கியமானது. தேதிக் கட்டம் வெறுமையாயிருந்தால் கணிப்பொறி அதைப் பூஜ்யமாகக் கொண்டு, புதிய பொருளையும் சிவப்பாகக் காட்டிவிடும். தேதியைப் புள்ளி வைத்து எழுதினால் பல கணிப்பொறிகள் அதை வெறும் எழுத்தாகவே கொள்ளும். அப்போது நிறமே ஏறாது. பழைய யந்திரம் பத்திரமானதுபோல் தோன்றும். ஆகவே, தேதியோ ஆயுளோ எண்ணாக இல்லாத வரிக்குச் சாம்பல் நிறம் தருமாறு 'இஸ்நம்பர்' சூத்திரத்தால் ஒரு நிபந்தனை எழுத வேண்டும். வரிசையில் சாம்பல் முதலிலும், சிவப்பு அடுத்தும், மஞ்சள் இறுதியிலும் நிற்க வேண்டும். மேலுள்ள நிபந்தனைக்கே முதலுரிமை.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை பெறவேண்டியிருப்பதால், அதற்குத் தனி அட்டவணை அமைத்து, வாங்கிய தேதிக்குப் பதிலாகக் கடைசி முத்திரைத் தேதியை எழுதி, ஆயுளை ஓராண்டாகக் குறிக்கலாம். எடையில் விளைவிப்போரின் நம்பிக்கை அடங்கியிருக்கிறது.

சிவப்பு என்பது தீர்ப்பன்று. பரிசோதிக்க வேண்டும் என்ற அழைப்பே. நன்கு பேணிய தறி குறித்த ஆயுளைக் கடந்தும் உழைக்கும். பேணாத புதுப்பொருள் ஓராண்டிலும் கெடும். மேலும், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் நிறம் மறையும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதாரும் நம்மிடையே உண்டு. எனவே 'பரிசோதிக்க', 'தயாராகுக', 'தேதி இல்லை' என்ற சொற்களையும் ஒரு பத்தியில் எழுதுதல் வேண்டும்.

இவ்வட்டவணை காரியதரிசியின் மேசையோடு நின்றுவிடலாகாது. பொதுப் பேரவையில் அதை வைக்கும்படி அங்கத்தினர்கள் கேட்கவேண்டும். பழுதுக்கும் புதுக் கொள்முதலுக்கும் எவ்வளவு ஒதுக்குவது என்பதை, பருவம் தொடங்குமுன் எல்லோரும் கண்ணால் கண்டு தீர்மானிப்பதே கூட்டுறவுக்கு அழகு.