கியூஆர் கோடு கடைக்கு வந்தது, கணக்குப் பாடம் வந்ததா? சிறு வணிகர்களுக்கான இலவசத் தொழில்நுட்பப் பயிற்சிகள் ஒரு பார்வை

பெங்களூரு: 2025 ஜூலை மாதத்தில் பெங்களூருவின் பல சிறு கடைகளில் கியூஆர் கோடு அட்டைகள் அகற்றப்பட்டன. அவை இருந்த இடத்தில் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்ற அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. நாட்டின் தகவல் தொழில்நுட்பத் தலைநகர் என்று அழைக்கப்படும் நகரிலேயே பேக்கரிகளும் தேநீர்க் கடைகளும் பெட்டிக் கடைகளும் டிஜிட்டல் பணப்பரிவர்த்தனையிலிருந்து பின்வாங்கின. கர்நாடக வணிகவரித் துறை அனுப்பிய நோட்டீஸ்களே இதற்குக் காரணம்.

யுபிஐ வழியாக வணிகர்கள் பெற்ற தொகைகளின் விவரங்களைத் திரட்டிய அத்துறை, ஜிஎஸ்டி எனப்படும் சரக்கு மற்றும் சேவை வரிக்கான பதிவு வரம்பைத் தாண்டியும் பதிவு செய்யாதவர்களிடம் விளக்கம் கேட்டது. 2021-22 முதல் 2024-25 வரையிலான நான்கு நிதியாண்டுகளின் வரவுகள் கணக்கில் கொள்ளப்பட்டன. சிலருக்குச் சுட்டிக்காட்டப்பட்ட வரி பல லட்சம் ரூபாய். வரிவிலக்கு பெற்ற காய்கறிகளை விற்பவர்களுக்கும் நோட்டீஸ் சென்றது. வணிகர் அமைப்புகள் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்த நிலையில், முதலமைச்சர் சித்தராமையா ஜூலை 23 அன்று அவர்களுடன் பேச்சு நடத்தினார். பால், காய்கறி, பழம் போன்றவற்றை விற்பவர்களிடம் வரி வசூலிக்கப்படாது என்று அரசு உறுதி அளித்தது.

கொந்தளிப்பு அடங்கிய பின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கைப்பேசியில் பணம் பெறுவது எப்படி என்று சிறு வணிகர்களுக்குக் கற்றுத் தரும் இலவசப் பயிற்சிகள் நாடு முழுவதும் ஆண்டுக்கணக்கில் நடந்துள்ளன. அவ்வாறு பெறும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு பதிவை விட்டுச் செல்கிறது. அந்தப் பதிவைப் படித்துப் புரிந்துகொள்ளும் பாடம் அவர்களுக்குக் கிடைத்ததா?

எண்ணிக்கைக்குக் கிடைத்த ஊக்கத்தொகை

தெருவோர வியாபாரிகளை டிஜிட்டல் பணப்பரிவர்த்தனைக்குள் கொண்டுவந்ததில் பிரதமரின் ஸ்வநிதி திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கொரோனா முடக்கத்தால் முதலை இழந்த வியாபாரிகளுக்காக 2020 ஜூன் 1 அன்று இத்திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் 10,000 ரூபாய், அதைச் செலுத்தி முடித்தால் 20,000 ரூபாய், பின்னர் 50,000 ரூபாய் எனப் பிணையில்லாக் கடன் வழங்கப்பட்டது. கடன் பெற்றவர்களுக்குக் கியூஆர் கோடு வழங்கி, அதைப் பயன்படுத்தப் பழக்குவதற்காக 2021 ஜனவரியில் 'மைன் பி டிஜிட்டல்', அதாவது 'நானும் டிஜிட்டல்' என்ற இயக்கம் நடத்தப்பட்டது.

பழக்கம் நிலைபெறுவதற்கு ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. மாதத்தில் 50 பரிவர்த்தனைகள் செய்தால் 50 ரூபாய், அடுத்த 50 பரிவர்த்தனைகளுக்கு 25 ரூபாய், அதற்கு மேலும் 100 பரிவர்த்தனைகள் செய்தால் இன்னொரு 25 ரூபாய் என மாதம் 100 ரூபாய் வரை வியாபாரியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. கைவினைஞர்களுக்காக 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்திலும் பரிவர்த்தனை ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் மாதம் 100 பரிவர்த்தனைகள் வரை ஊக்கத்தொகை உண்டு.

புதிய வழக்கம் ஒன்றை வேரூன்றச் செய்ய இது நல்ல உத்தி என்பதில் ஐயமில்லை. ஆனால் இரு திட்டங்களிலும் எண்ணப்படுவது எத்தனை முறை பணம் கைமாறியது என்பது மட்டுமே. மாத இறுதியில் மொத்த வரவு எவ்வளவு, அதில் விற்பனை எவ்வளவு என்று வியாபாரிக்குத் தெரிகிறதா என்பதற்கு எந்த ஊக்கத்தொகையும் இல்லை.

நாளொன்றுக்கு 11,000 ரூபாய்

ஜிஎஸ்டி சட்டப்படி, பொருட்களை மட்டும் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் பெரும்பாலான மாநிலங்களில் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். சேவை வழங்குவோருக்கு இந்த வரம்பு 20 லட்சம் ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகைகளாகத் தோன்றும் இவற்றை 365 நாட்களால் வகுத்துப் பார்த்தால் நிலைமை புரியும். நாளொன்றுக்குச் சுமார் 11,000 ரூபாய்க்குப் பொருள் விற்கும் கடை 40 லட்சத்தை எட்டிவிடுகிறது. சேவையாகக் கருதப்படும் உணவகத்துக்கோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,500 ரூபாய் வியாபாரமே போதும். கூட்டமான பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள சிற்றுண்டிக் கடைக்கு இது அரிதான தொகை அன்று.

வரம்புக்குக் கணக்கிடப்படுவது விற்றுமுதலே தவிர லாபம் அன்று. பல சிறு கடைக்காரர்கள் தடுமாறும் இடம் இதுதான். நாள் முழுவதும் நின்று 11,000 ரூபாய்க்கு விற்றாலும், சரக்கு வாங்கிய செலவும் வாடகையும் கூலியும் போகக் கையில் நிற்பது சிறு தொகையே. அந்தச் சிறு தொகையைத்தான் அவர்கள் தங்கள் வருமானமாக மனத்தில் வைத்திருக்கின்றனர்.

வரிவிலக்குப் பொருட்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காய்கறி மட்டுமே விற்பவர் எவ்வளவு விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் வரிவிலக்குள்ள பாலுடன் வரிக்குரிய பிஸ்கட்டையும் சேர்த்து விற்பவருக்கு, இரண்டின் விற்பனையும் கூட்டியே வரம்பு பார்க்கப்படும். காலையில் பால் பாக்கெட்டுகள் பெருமளவில் விற்கும் கடைகள் இதை அறியாமலேயே வரம்பை நெருங்கிவிடலாம்.

இவற்றுக்கு மேலாக, கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் சிறு வணிகர்களில் குறைவு. உறவினர் அனுப்பிய திருமணச் செலவுப் பணமும், நண்பர் திருப்பித் தந்த கைமாற்றும், சீட்டு எடுத்த தொகையும் தேநீர் விற்ற பணம் சேரும் அதே கணக்கில்தான் சேர்கின்றன. நான்கு ஆண்டுகள் கழித்து எது விற்பனை, எது விற்பனை அன்று என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு கடைக்காரரின் தலையில் விழுகிறது. தொடக்கத்திலேயே கடைக்குத் தனிக் கணக்கு திறந்து, கியூஆர் கோட்டை அதனுடன் இணைத்திருந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி எழுந்திருக்காது. அதைக் கற்றுத் தர அரை மணி நேர வகுப்பு போதும்.

வரம்பைத் தாண்டியவர்களுக்கும் எளிய வழி ஒன்று சட்டத்தில் உள்ளது. ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய் வரை உள்ள வணிகர்கள் இணக்க வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, விற்றுமுதலில் 1 சதவீதம் மட்டும் வரி செலுத்தலாம். உணவகங்களுக்கு இது 5 சதவீதம். இத்திட்டத்தில் சேர்வோர் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்க முடியாது. தாங்கள் செலுத்திய உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆயினும் கணக்கு வேலை பெருமளவு குறைகிறது. நோட்டீஸ் பிரச்சினைக்குப் பின்னர், 'ஜிஎஸ்டி பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்' என்று பொருள்படும் கன்னடப் பெயருடன் வணிகவரித் துறை விழிப்புணர்வுக் கூட்டங்களை நடத்தியது. நோட்டீஸ் முதலிலும் பாடம் பிறகும் வந்தது என்பதே வணிகர்களின் மனக்குறை.

வகுப்புக்குச் சென்றால் கடையை யார் பார்ப்பது?

கிராமப்புறங்களுக்கான பிரதமரின் டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கத்தில், 2024 மார்ச் 31 அன்று அது நிறைவடையும் வரை, 6 கோடிக்கும் மேற்பட்டோர் இலவசப் பயிற்சி பெற்றனர். மொத்தம் 20 மணி நேரப் பாடம். கருவியை இயக்குவது, இணையத்தில் தேடுவது, மின்னஞ்சல், பணப்பரிவர்த்தனை ஆகியவை அதில் இருந்தன. ஆனால் அது குடும்பத்தில் ஒருவருக்கு என்று வகுக்கப்பட்ட பொதுப் பாடம். கடை நடத்துபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அன்று.

பயிற்சி இலவசம் என்றாலும் கடைக்காரருக்கு அது முற்றிலும் இலவசம் ஆவதில்லை. கடையைப் பூட்டிவிட்டு வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் வியாபாரம் போகிறது. இதை உணர்ந்த ஏற்பாடு விஸ்வகர்மா திட்டத்தில் காணப்படுகிறது. ஐந்து முதல் ஏழு நாட்கள் வரையிலான அடிப்படைப் பயிற்சிக்கு வருவோருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை தரப்படுகிறது. எனினும் குயவர், தச்சர், தையற்கலைஞர், முடிதிருத்துவோர் உள்ளிட்ட 18 தொழில்களுக்கு மட்டுமே அத்திட்டம் பொருந்தும். மளிகைக் கடைக்காரருக்கோ தேநீர்க் கடைக்காரருக்கோ அதில் இடமில்லை.

இன்னொரு முன்மாதிரி கர்நாடகத்திலேயே உள்ளது. தட்சிண கன்னட மாவட்டத்தின் உஜிரேயில் 1982-ல், தர்மஸ்தலா மஞ்சுநாதேஸ்வரர் கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் இணைந்து ரூட்செட்டி என்ற சுயதொழில் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கின. தங்குமிடமும் உணவும் உட்பட அனைத்தும் இலவசம். அதை அடியொற்றியே பின்னர் ஆர்செட்டி எனப்படும் ஊரக சுயதொழில் பயிற்சி நிறுவனங்கள் வங்கிகளின் பொறுப்பில் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டன. கைப்பேசி பழுதுபார்த்தல், கணினிவழிக் கணக்குப் பதிவு போன்ற பயிற்சிகள் இங்கு உண்டு.

இந்த நிறுவனங்களின் சிறப்பு வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. பயிற்சி முடித்தவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கடன் பெறவும் தொழிலில் நிலைக்கவும் துணைநிற்க வேண்டும் என்பது விதி. செயலியை இயக்கக் கற்பது ஒரு பிற்பகல் வேலை. முதல் மாதக் கணக்கு அறிக்கை வரும்போதும், முதல் முறை பணம் சிக்கிக்கொள்ளும்போதும் எழும் ஐயங்களுக்கு விடை சொல்ல ஆள் வேண்டும். கியூஆர் அட்டையை ஒட்டிவிட்டுச் செல்லும் விற்பனைப் பிரதிநிதியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஆர்செட்டிகள் பெரிதும் ஊரகத்தினருக்கானவை என்பதால், நகரத்துக் கடைக்காரர்களுக்கு அந்தத் துணை எளிதில் கிட்டுவதில்லை.

மோசடிகளைத் தடுக்கும் பாடம்

மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் 2025 ஜனவரியில் சில கடைகளின் கியூஆர் கோடுகள் மீது வேறு கோடுகளை மோசடிக்காரர்கள் ஒட்டிச் சென்றனர். வாடிக்கையாளர் செலுத்திய பணம் வேறொருவரின் கணக்குக்குச் சென்றது. தினமும் கடை திறந்ததும் தன் கோட்டைத் தானே ஒருமுறை ஸ்கேன் செய்து, திரையில் தன் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டால் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

பணம் செலுத்திவிட்டதாகப் போலித் திரைப்படத்தைக் காட்டிச் செல்வது மற்றொரு வகை. வரவை உரக்க அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ் கருவிகள் கடைகளில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். அக்கருவிகள் பலவற்றுக்கு மாத வாடகை உண்டு என்பதையும் கடைக்காரர் கவனிக்க வேண்டும்.

பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணை எப்போதும் உள்ளிடத் தேவையில்லை. 'பணம் அனுப்புகிறேன், பின் எண்ணைப் போடுங்கள்' என்று எவர் கூறினாலும் அது மோசடியே. பணத்தை இழந்தவர்கள் உடனடியாக 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டே போகும்.

அடுத்தது என்ன?

ஸ்வநிதி திட்டத்தை 2030 மார்ச் 31 வரை நீட்டிக்க மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. முதல் தவணைக் கடன் 15,000 ரூபாயாகவும் இரண்டாம் தவணை 25,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டுள்ளன. புதிதாகச் சேரும 50 லட்சம் பேர் உட்பட 1.15 கோடி வியாபாரிகளைச் சென்றடைவது இலக்கு. தொழில்முனைவு, நிதி எழுத்தறிவு, டிஜிட்டல் திறன், சந்தைப்படுத்தல் ஆகியவற்றில் பயிற்சி அளிப்பதும் திட்டத்தின் பகுதியாக அறிவிக்கப்பட்டுள்ளது. பெங்களூரு வணிகர்கள் நோட்டீஸ் மூலம் கற்ற பாடத்தை இந்தப் புதியவர்கள் வகுப்பிலேயே கற்பார்களா என்பது, 'நிதி எழுத்தறிவு' என்ற தலைப்பின் கீழ் எவை சேர்க்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தது.

பயிற்சி பற்றிய விவரங்களை நகர்ப்புற வியாபாரிகள் தங்கள் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்திலும், கிராமப்புறத்தினர் மாவட்ட ஆர்செட்டியிலும் கேட்டறியலாம். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு இணையதளத்தில் கட்டணம் ஏதும் இல்லை. ஜிஎஸ்டி பதிவும் அவ்வாறே. இவற்றுக்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் தனியாருடையவை.