என்ஜின் விளக்கு எரிந்தால் சென்சரை மாற்றுவதா?

யாழ்ப்பாணத்திலிருந்து தீவகத்துக்குச் சரக்கு அனுப்பும் வர்த்தகர்களுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையின் படகு நேரம்தான் கணக்கு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் சாமான்கள் அங்கிருந்துதான் ஏறுகின்றன. வாகனம் வழியில் நின்றால் அன்றைய வியாபாரமும் நின்றுவிடும்.

ஒரு நாள் வேலணையைக் கடந்து புங்குடுதீவுத் தாம்போதியில் செல்லும்போது எனது பெற்றோல் வேனில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தது. நகரில் ஒரு கராஜில் ஸ்கேன் கருவியைப் பொருத்தினார்கள். ‘பி0171’ என்று காட்டியது. “ஒக்சிஜன் சென்சர் பழுது” என்றார்கள். மாற்றினேன். மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. பணம் போனது, பழுது போகவில்லை.

பின்னர் ஊர்காவற்றுறையில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணை, சென்சர் பிழையில்லை. காத்து கூடுது எண்டு அது சரியாத்தான் சொல்லியிருக்கு. காத்து எங்கால வருது எண்டுதான் ஒருத்தரும் பாக்கேல்லை.” என்ஜினுக்குக் காற்றுச் செல்லும் பக்கத்தில் ஒரு சிறிய இறப்பர் குழாய் வெடித்திருந்தது. அதை மாற்றியதோடு வேலை முடிந்தது.

வர்த்தகர்களுக்குப் புரியும்படி சொன்னால், மாலையில் கல்லாப்பெட்டியில் பணம் குறைந்தால் கணக்குப் புத்தகம் குறைவை மட்டுமே காட்டும். யார் எடுத்தார், எங்கே தவறியது என்பதை நாம்தான் தேட வேண்டும். வாகனக் கோடும் அப்படித்தான். ‘பி0171’ என்றால் பெற்றோலுக்குக் காற்று அளவுக்கு மேல் என்பது மட்டுமே பொருள். குழாய் வெடிப்பு, அழுக்கேறிய காற்றளவு சென்சர், பலவீனமான பெற்றோல் பம்ப், அடைபட்ட பில்டர் ஆகிய எதுவும் காரணமாகலாம்.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மொடல் கார்களிலிருந்து இந்தப் பொது முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இல் வந்தது. முதலெழுத்து ‘பி’ என்றால் என்ஜின், கியர் பகுதி. ‘சி’ பிரேக், ஸ்டியரிங் போன்றவை. ‘பி’ போலவே ஒலிக்கும் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து பொடி. ‘யூ’ கணினிகளுக்கிடையிலான தொடர்பு. அடுத்த இலக்கம் பூச்சியமாயின் பெரும்பாலும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோடு. ஒன்றாயின் அந்த நிறுவனத்துக்கே உரியது. ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்கென உருவான பழைய வாகனங்கள் சிலவற்றை மலிவான கருவிகள் வாசிக்காது.

தீவகத்தில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வயர் இணைப்புகளில் பச்சை நிறக் களிம்பு பிடித்தால் நல்ல சென்சரும் பிழையான அளவைக் காட்டும். எனவே எந்தச் சென்சரையும் வாங்குமுன் அதன் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹைபிரிட் கார்களில் ‘பி0ஏ80’ வந்தால் பெரிய பற்றரியையே மாற்றச் சொல்வார்கள். சில வேளைகளில் பற்றரிக் கலங்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பிடித்த களிம்பே காரணமாக இருக்கும். எனவே கலங்களை அளந்து பார்க்காமல் இவ்வளவு பெரிய செலவுக்கு இணங்காதீர்கள்.

நான் இப்போது கடைப்பிடிப்பவை இவை:

1. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிச் சென்று விரைவில் பரிசோதிக்கலாம். விட்டுவிட்டு மின்னினால் பெற்றோல் எரியாமல் வெளியேறுகிறது. புகைக் குழாயிலுள்ள விலையுயர்ந்த கற்றலிஸ்ட் கெட்டுவிடும். ஓட்டத்தைத் தவிர்க்க வேண்டும். எண்ணெய் அழுத்தம் அல்லது வெப்பத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

2. கோட்டை அழிக்குமுன் எழுதிக்கொள்கிறேன். பழுது பதிவான வேளையில் என்ஜினின் வேகமும் வெப்பமும் எவ்வளவு என்பது அதனுடன் சேமிக்கப்பட்டிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். பற்றரியைக் கழற்றினாலும் அதே கதிதான்.

3. “எந்தப் பரிசோதனையில் இந்தப் பாகம் பழுதென்று தெரிந்தது?” என்று கேட்கிறேன். பதில் இல்லையெனில் பாகம் வாங்குவதில்லை.

4. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறேன்.

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். அவருக்குப் பரிசோதனைக் கூலி கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். தேவையற்ற ஒரு சென்சரின் விலையைவிட அது குறைவு.